ஒருவர் கொண்டாடும் டாக்டிக்ஸ் கேமை இன்னொருவர் ஏன் திட்டுகிறார்? யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி இதுதான்: எக்ஸ்காம் (வேற்றுக்கிரகவாசிகளோடு மோதும் சிப்பாய்க் குழுவை நடத்தும் கேம்) ஆடி முடித்துவிட்டு, சிறு குழுக்கள் செய்த டர்ன்-பேஸ்ட் டாக்டிக்ஸ் கேம்கள் (இரு தரப்பும் முறை வைத்து நகர்த்தும் சண்டை உத்தி கேம்கள்) பக்கம் வரலாம் என்று பார்த்தால் ஆட்டக்காரர்களின் கருத்துகள் தலைசுற்ற வைக்கின்றன. 'இன்டு த ப்ரீச்' இந்த வகையின் உச்சம் என்கிறார் ஒருவர், அது டாக்டிக்ஸே இல்லை, வெறும் புதிர் என்கிறார் அடுத்தவர். 'பேட்டில் பிரதர்ஸ்' ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான மணிநேரம் போட்டவரே அது ஏமாற்றுகிறது என்று புலம்புகிறார். யாரை நம்புவது, எதில் தொடங்குவது?

இரண்டு தரப்பும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கின்றன. இந்த வகை கேம்களைப் பற்றிய சண்டைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: அதிர்ஷ்டம் உங்கள் முடிவுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? அதைப் பிடித்துக்கொண்டால், ஒருவர் திட்டுவதைப் படித்தே அந்த கேம் உங்களுக்குப் பிடிக்குமா என்று சொல்லிவிடலாம்.

முன்னால் என்றால் இப்படி. எதிரிகள் எங்கே முளைப்பார்கள், எந்த மேப் வரும் என்பதெல்லாம் தற்செயல். ஆனால் அது உங்கள் கண்முன் வந்துவிட்ட பிறகுதான் நீங்கள் யோசிக்கிறீர்கள், யோசித்துச் செய்தது அப்படியே நடக்கும். பின்னால் என்றால், நீங்கள் முடிவெடுத்து பட்டனை அழுத்திய பிறகு பகடை உருளும். எக்ஸ்காம் இரண்டாவது ரகம். 95 சதவீதம் என்று காட்டிவிட்டு, துப்பாக்கி முனை எதிரியின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது குண்டு வேறு பக்கம் போகும் காட்சி அதை ஆடியவர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

இங்கே ஒரு வேடிக்கை. 'ஏமாற்றுகிறது' என்று திட்டு வாங்கும் கேம்களில் சில ஏமாற்றத்தான் செய்கின்றன, ஆனால் ஆட்டக்காரருக்குச் சாதகமாக. புதிய எக்ஸ்காம் கேம்களின் எளிய நிலைகளில் நீங்கள் தொடர்ந்து தவறவிட்டால், திரையில் காட்டாமலே அடுத்த ஷாட்டின் வாய்ப்பு கூட்டப்படும். 'ஃபயர் எம்ப்ளம்' தொடர் 2002 முதல் பல பாகங்களில் ஒரே எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை உருட்டி அவற்றின் சராசரியை எடுத்தது. அதனால் திரையில் 80 என்று தெரிந்தது உண்மையில் ஏறத்தாழ 92. 2010இல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் 'சிவிலைசேஷன்' கேமை உருவாக்கிய சிட் மேயர் பேசியபோது இதன் உளவியலைத் தொட்டார்: மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் தோற்ற ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தபோது யாரும் புகார் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் இந்த மனநிலையைத் தாஜா செய்து கணக்கைத் திருத்தின. சிறு குழுக்கள் பலவும் அதைச் செய்ய மறுத்தன. கருத்துகள் இப்படிப் பிளவுபடுவது அந்த மறுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

மறுத்தவர்களில் ஒரு கூட்டம் பகடையையே தூக்கி எறிந்தது. சப்செட் கேம்ஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட 'இன்டு த ப்ரீச்' அந்தக் கூட்டத்தின் தலைமகன். எட்டுக்கு எட்டு கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள், எதிரில் ராட்சதப் பூச்சிகள். அடுத்து யார் எந்தக் கட்டத்தை எந்த வரிசையில் தாக்கப்போகிறார்கள் என்பது முழுக்கத் திரையில் இருக்கும். உங்கள் வேலை கொல்வதைவிடத் தள்ளுவது. ஒரு பூச்சியை ஒரு கட்டம் நகர்த்தினால் கட்டடத்துக்குப் போகவேண்டிய அடி பக்கத்துப் பூச்சியின் தலையில் விழும். உங்கள் அடி தவறவே தவறாது. பின்னால் வரும் அதிர்ஷ்டம் என்று ஒன்றே ஒன்று மிச்சம்: தாக்கப்படும் கட்டடம் அடியைத் தாங்கிக்கொள்ள ஒரு சிறு வாய்ப்பு உண்டு, அதுவும் உங்கள் பக்கம்தான் விழும். எதிர்பார்த்திருந்த மோசமான விளைவு சில சமயம் நடக்காமல் போகும், அவ்வளவே. திடீரென்று மோசமாவது கிடையாது.

அப்படியானால் 'புதிர்' என்ற புகார்? பாதி சரி. முழுத் தகவலும் கையில் இருக்கும்போது ஒவ்வொரு டர்னுக்கும் 'இதைவிடச் சிறந்த நகர்வு ஒன்று இருக்கவேண்டும்' என்ற அரிப்பு வந்துவிடும். ஒரே டர்னை இருபது நிமிடம் முறைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சதுரங்கப் புதிர்ப் புத்தகம் போலத்தான் இருக்கும். சரியில்லாத பாதி எது என்றால், புதிருக்கு விடை உண்டு. இந்த கேமில் பல டர்ன்களுக்கு முழு விடை கிடையாது. மூன்று தாக்குதல்கள் வருகின்றன, இரண்டைத்தான் தடுக்க முடியும். மின்கட்டமைப்பின் (அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது) ஒரு புள்ளியை இழப்பதா, நாலு மிஷன்களாக வளர்த்த பைலட்டை அடி வாங்கவிடுவதா, போனஸ் இலக்கைக் கைவிடுவதா? எதை இழப்பது என்று முடிவெடுப்பது டாக்டிக்ஸ் இல்லையென்றால் வேறு எதுதான் டாக்டிக்ஸ் என்று எனக்குத் தெரியவில்லை. எளிய நிலையில் மட்டும் ஆடிவிட்டு 'புதிர்' என்று எழுதுபவர்களின் கருத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிலையில் பெரும்பாலும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்துவிடும், இழப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டமே வராது.

அதன் மேல் எனக்குள்ள குறை வேறு. ஆட்கள் நினைவில் நிற்பதில்லை. பைலட்டுகளுக்குப் பெயர், முகம், ஒரு திறமை உண்டு, காலத்தைத் தாண்டி ஒருவரை அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பவும் முடியும். இருந்தும் அவர்களுக்காக மனம் பதறுவதில்லை. எக்ஸ்காமில் பெயர் சூட்டி வளர்த்த சிப்பாய் செத்ததற்கு வருத்தப்பட்டவர் இங்கே வந்தால் ஏதோ காலியாக இருப்பதுபோலத் தோன்றும்.

அந்தக் காலியிடத்தை நிரப்பியது 'டாக்டிகல் ப்ரீச் விசர்ட்ஸ்' என்று சொல்லலாம். டாம் பிரான்சிஸின் சிறு குழு 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. மந்திரவாதிகள் குண்டு துளைக்காத கவச உடையில் கதவை உடைத்து நுழைவார்கள், எதிரிகளை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடுவதுதான் பிரதான இன்பம். டர்னை முடிக்கும் முன் எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னோக்கி ஓட்டி மாற்றிச் செய்யலாம், முடித்தால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடும். 'சுலபம்', 'பேச்சு அதிகம்' என்பவை இதன் மேல் வரும் புகார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சு உண்மையிலேயே சிரிக்க வைப்பது, இந்த வகையில் அது அபூர்வம். பின்னோட்டத்தை வெறுப்பவர்களின் வாதமும் புரிகிறது: தவறு செய்ய முடியாத இடத்தில் பதற்றம் எங்கிருந்து வரும்? எக்ஸ்காமில் சேமித்து வைத்த பழைய கட்டத்தை லோட் செய்து லோட் செய்து ஆடியவர்கள் மட்டும் அந்த வாதத்தை எடுக்க வேண்டாம். அவர்கள் திருட்டுத்தனமாகச் செய்ததைத்தான் இந்த கேம் வெளிப்படையாகக் கையில் கொடுக்கிறது.

மறுபக்கக் கூட்டம் பகடையை வைத்துக்கொண்டு, அதற்குச் சர்க்கரை தடவ மறுத்தது. ஜெர்மனியின் ஓவர்ஹைப் ஸ்டுடியோஸ் 2017 மார்ச்சில் முழுமையாக வெளியிட்ட 'பேட்டில் பிரதர்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு கூலிப்படையை நடத்துகிறீர்கள். மூன்று பேருடன் ஆரம்பம், விவசாயி, திருடன், ஓடிப்போன சிப்பாய் என்று கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. உருவங்களுக்குக் கால் கிடையாது, பலகை விளையாட்டின் காய்கள் போல மார்பளவுதான். முதல் பத்து நிமிடம் அசிங்கமாகத் தெரியும், பிறகு கண்ணில் படவே படாது. கவசம் கிழிவதும் ஹெல்மெட் உடைவதும் காயம் முகத்தில் தெரிவதும் அந்த மார்பளவு உருவத்திலேயே தெளிவாகத் தெரியும்.

தாக்கும் வாய்ப்பு 95க்கு மேல் போகாது, 5க்குக் கீழே இறங்காது. அதாவது நிச்சயம் என்று எதுவும் இல்லை. 'ஏமாற்றுகிறது' என்ற கூக்குரல் இங்கிருந்து வருவதுதான், கொஞ்சம் கணக்குப் போட்டால் அடங்கிவிடும். 90 சதவீத அடி பத்து அடித்தால் அதில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு 65 சதவீதம். ஒரு பெரிய சண்டையில் பன்னிரண்டு பேர் பல சுற்றுகள் அடிக்கிறார்கள் என்றால், நம்ப முடியாத தவறுகள் ஒவ்வொரு சண்டையிலும் நடந்தே தீரும். மனிதமனம் 90ஐ 100 என்று படிக்கிறது. தவறியது நினைவிருக்கும், பட்டதெல்லாம் மறந்துபோகும்.

நீண்ட நாள் ஆடியவர்கள் புகார் சொல்வதை நிறுத்துவதற்குக் காரணம் அவர்கள் சாந்தமாகிவிட்டதல்ல. அந்த கேமில் திறமை என்பது பகடை உருள்வதற்கு முன்னால் செய்யும் வேலை என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. மேட்டில் நிற்பது, எதிரியைச் சுற்றி வளைத்து வாய்ப்பைக் கூட்டுவது, கேடயக்காரனை முன்னால் நிறுத்தி நீளக் கம்பு ஆயுதக்காரனைப் பின்வரிசையில் வைப்பது, எதிரி களைக்கும்வரை பொறுப்பது. எல்லாவற்றுக்கும் மேல், எந்தச் சண்டைக்குப் போகக்கூடாது என்று தெரிவது. ஒப்பந்தத்தில் இல்லாத ஆட்கள் எதிரில் நின்றால் பின்வாங்கிவிடுவது. எக்ஸ்காம்காரர்களுக்கு இது வரவே வராது. ஒவ்வொரு மிஷனும் ஜெயிக்கக்கூடியது என்ற நம்பிக்கையோடு வருவார்கள், முதல் வாரத்திலேயே படை அழியும், 'நியாயமில்லை' என்று ஒரு பத்தி எழுதிவிட்டுப் போவார்கள். நியாயம் என்று அந்த கேம் எதையும் வாக்களிக்கவில்லை.

ஆனால் ஒரு புகாரை நான் முழுமையாக ஏற்கிறேன்: நடுப்பகுதி இழுக்கும். நல்ல கவசம் வாங்கப் பணம் சேர்க்கும் காலத்தில் ஒரே மாதிரி கொள்ளைக்காரர்களை ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். 'கிரைண்ட்' என்று நீங்கள் படிக்கும் கருத்து கோபத்தில் எழுதியதல்ல, அனுபவத்தில் எழுதியது.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவில், என் கணிப்பில் இந்த வகையின் மிகக் கச்சிதமான கேம் இருக்கிறது: கிளெய் 2015இல் வெளியிட்ட 'இன்விசிபிள், இன்க்.' உளவாளிகள் கட்டடத்துக்குள் நுழைந்து திருடி வெளியேற வேண்டும். காவலாளியை வீழ்த்துவதில் சதவீதம் என்ற பேச்சே இல்லை, அருகே போனால் விழுவான். தற்செயல் எல்லாம் கட்டடத்தின் அமைப்பில் இருக்கிறது, அதுவும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை உங்களுக்குத் தெரியாது. முழுத் தகவல் இல்லாததால் புதிர் என்று சொல்லவும் முடியாது, அடி தவறாததால் பகடையைத் திட்டவும் முடியாது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு டர்னும் அலாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். எக்ஸ்காமில் எல்லோருக்கும் பழகிப்போன சோம்பேறித்தனமான வழி ஒன்று உண்டு: இரண்டு அடி நகர், ஓவர்வாட்ச் (எதிரி அசைந்தால் தானாகச் சுடும் காவல் நிலை) போடு, காத்திரு. இங்கே காத்திருப்பதற்கே விலை உண்டு. 'எக்ஸ்காம் 2' மிஷன்களில் டர்ன் கெடு வைத்தபோது எழுந்த எதிர்ப்பை நினைத்துப் பாருங்கள். அது வெளியிலிருந்து ஒட்டிய கடிகாரமாகத் தெரிந்தது. இங்கே அதே அழுத்தம் கட்டடமே விழித்துக்கொள்வதாக வருகிறது, யாரும் எதிர்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் எதிர்ப்பு மிகக் குறைவு.

'சின்ன கேம்' என்ற புகாரை இதற்கு அடிக்கடி பார்ப்பீர்கள். கதைப்படி உங்களுக்கு 72 மணிநேரம், நிஜத்தில் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ஒருமுறை ஆடி மூடிவைப்பவருக்கு அது உண்மை. கடினநிலையை ஏற்றி, வேறு உளவாளிகளோடு மறுபடி நுழைவதற்காகவே செய்யப்பட்டது என்பதை அந்தக் கருத்துகள் கணக்கில் எடுப்பதில்லை.

'பேனர் சாகா' பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதன் மேல் நடக்கும் வாதம் அதிர்ஷ்டத்தைப் பற்றியதல்ல. ஸ்டோயிக் 2014இல் வெளியிட்ட அந்த கேமில் இரண்டு பக்கமும் மாறி மாறி ஒரு நகர்வு. உங்களிடம் ஆறு பேர், எதிரியிடம் இரண்டு பேர் என்றாலும் அந்த இரண்டு பேரும் உங்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பதில் நகர்வு பெறுவார்கள். போதாக்குறைக்கு, ஒருவரின் உயிரும் தாக்கும் வலுவும் ஒரே எண். ஆகவே குற்றுயிராகக் கிடக்கும் எதிரியைக் கொன்றால் நஷ்டம், பலமான எதிரிக்கு டர்ன் சீக்கிரம் வந்துவிடும். எல்லோரையும் பாதி பாதி அடித்து வைப்பதே நல்ல உத்தி. விதியாகப் பார்த்தால் அழகு, கதையாகப் பார்த்தால் அபத்தம். உயிருக்கு ஓடும் மக்கள் எதிரியைக் கொல்லாமல் ஏன் விட்டுவைக்கிறார்கள்? ஓவியத்துக்காகவும் கதைக்காகவும் வந்தவர்கள் இந்த விதியைச் சபிக்கிறார்கள், விதிக்காக வந்தவர்கள் கதையைத் தாண்டிப் போகிறார்கள். நான் முதல் கட்சி.

கருத்துகளைப் படிக்கும்போது எழுதிய தேதியைப் பார்க்கச் சொல்வேன், இதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 'டார்கெஸ்ட் டஞ்சன்' இன்னும் ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாகும் முன்பே விற்பனையில், இருந்த 2015இல் ஒரு அப்டேட் வந்தது. கொல்லப்பட்ட எதிரியின் பிணம் இடத்தை அடைத்துக்கொள்ளும், மன அழுத்தம் எல்லை மீறினால் மாரடைப்பு வரும். அதுவரை ஆடியவர்கள் கொந்தளித்தார்கள். அதை உருவாக்கிய ரெட் ஹூக் இரண்டையும் வேண்டாமென்றால் அணைத்துவிடும் தேர்வாக மாற்றியது. அந்த வாரத்தில் எழுதிய கருத்தை இன்று படித்து முடிவெடுப்பதில் பொருளில்லை. என்னைக் கேட்டால் பிணங்கள் கேமை மேம்படுத்தின. முன்வரிசையைக் கொன்றால் பின்வரிசை தானாக முன்னால் வந்து விழும் என்ற மலிவான வழி அடைபட்டது.

இன்னொன்று 'ஃபீனிக்ஸ் பாயின்ட்'. முதல் எக்ஸ்காமை 1994இல் உருவாக்கிய ஜூலியன் கோலப்பின் குழு, மக்களிடம் முன்பணம் திரட்டிச் செய்தது. 2019 மார்ச்சில் அது எபிக் என்ற இணையக் கடையில் மட்டும் ஓராண்டு விற்கப்படும் என்று அறிவித்தார்கள், முன்பணம் கொடுத்தவர்கள் கொதித்தார்கள், குழு பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அது கேமைப் பற்றிய தகவல் அல்ல. கேமின் உண்மையான பலம் அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போனது: எதிரியின் கையையோ காலையோ நீங்களே குறிபார்த்துச் சுடலாம். சதவீதத்துக்குப் பதில் திரையில் வட்டம் தெரியும், குண்டுகள் அதற்குள் சிதறும், வழியில் சுவர் இருந்தால் சுவரில் படும். மூக்குக்கு நேரே தவறும் 95 சதவீத நகைச்சுவைக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் பார்க்கவில்லை. பலவீனமும் உண்மை: பிற்பகுதி சோர்வு தரும், ஒரே மாதிரி தளப் பாதுகாப்பு மிஷன்கள் வந்துகொண்டே இருக்கும்.

'மியூட்டன்ட் இயர் ஸீரோ' தாக்கும் வாய்ப்பை 25, 50, 75, 100 என்று நாலே படிகளில் வைத்தது. சிறிய விஷயம், ஆனால் 87ஆ 91ஆ என்று கூட்டிக் கழிக்கும் வேலையை ஒழித்துவிட்டது. 'வைல்டர்மித்'தில் ஒருவர் விழும் நேரத்தில் அங்கேயே வீரமரணம் அடைவதா, ஊனத்தோடு தப்பிப்பதா என்று உங்களையே கேட்கும். ஆட்கள் வயதாகி ஓய்வும் பெறுவார்கள். அதன் சண்டைகள் சாதாரணம் என்று சொல்பவர்கள் சொல்வது சரி, அதை ஆடுபவர்கள் சண்டைக்காக ஆடுவதில்லை.

ஆக, ஒரு கருத்தைப் படிக்கும்போது நான் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. 'நியாயமில்லை' என்று எழுதியிருந்தால் எந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தச் சொல் வருகிறது என்று பார்ப்பேன். தவறிய அடிக்குப் பிறகு என்றால் அது பகடை பிடிக்காதவரின் குரல். மேப்பில் இன்னும் கண்ணுக்குத் தெரியாத பகுதியிலிருந்து திடீரென்று வந்த எதிரிக்குப் பிறகு என்றால் தகவல் பற்றாக்குறையைத் தாங்காதவர். 'போரடிக்கிறது' என்றால் எத்தனை மணிநேரத்தில் என்பது முக்கியம். மூன்று மணிநேரத்தில் போரடித்தால் விதிகள் அவருக்கு ஒத்துவரவில்லை. நூறு மணிநேரத்தில் போரடித்தால் அது கிட்டத்தட்டப் பாராட்டு. நூற்றுக்கணக்கான மணிநேரம் ஆடிவிட்டு 'வாங்காதீர்கள்' என்று எழுதுபவர்களைச் சிலர் கேலி செய்கிறார்கள், நான் அவர்களைத்தான் கவனமாகப் படிப்பேன். கேமின் உள்ளே எங்கே ஓட்டை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்காமில் உங்களுக்குப் பிடித்தது திட்டமிட்டது அப்படியே நடக்கும் திருப்தியா, கைநழுவிய சண்டையை மீட்டெடுக்கும் பரபரப்பா? முதலாவது என்றால் 'இன்விசிபிள், இன்க்.'கில் தொடங்குங்கள், பிடித்தால் 'இன்டு த ப்ரீச்' சாதாரண நிலையில், எளிய நிலையில் வேண்டாம். சிரித்துக்கொண்டே ஆட ஆசை என்றால் 'டாக்டிகல் ப்ரீச் விசர்ட்ஸ்'. இரண்டாவது என்றால் நேராக 'பேட்டில் பிரதர்ஸ்' போங்கள். ஈட்டியும் கேடயமும் வாங்கிக்கொடுத்து, சின்ன ஒப்பந்தங்களாக எடுத்து, பெரிய ஓர்க் படைகளைத் தூரத்தில் பார்த்தாலே வேறு வழியில் திரும்பிவிடுங்கள். பழைய கட்டத்துக்குத் திரும்ப விடாத அயர்ன்மேன் தேர்வை மட்டும் முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள். முதல் படை எப்படியும் அழியும், எங்கே தவறியது என்று சேமித்து வைத்த கட்டத்துக்குத் திரும்பிப்போய்ப் பார்த்தால்தான் இரண்டாவது படை கொஞ்ச நாள் தாங்கும்.